ஆறு வரிசைச் சுருக்கம்

“எதுக்கும்மா இத்தனை கத்திரி?” என்று மேற்பார்வை டீச்சர் தவமணியிடம் கேட்டார். பை மேசைமேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. துணி வெட்டுகிற பெரிய கத்திரி, நூல் நறுக்குகிற குட்டிக் கத்திரி, ஓரம் வெட்டுகிற பல்லுக் கத்திரி, பால் பாக்கெட் வெட்டுவதற்கென்று அடுப்படியில் தொங்கும் துருப்பிடித்த கத்திரி, மூக்கு உடைந்த இன்னொன்று. ஆக அஞ்சு. அடியில் ஜாக்கெட் துணியில் சுற்றி, வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகள் அத்தனையும், அவளுடைய பிரஷர் மாத்திரை உட்பட. அதை டீச்சர் பார்க்கவில்லை. “எது நல்லா வெட்டும்னு தெரியல டீச்சர், அதான் எல்லாத்தையும்...” என்று இழுத்தாள். “பரீட்சைக்கு வந்தீங்களா, கடை போட வந்தீங்களா?” என்று அவர் சிரித்தார். தவமணியும் சிரித்தாள். சிரிக்கத் தெரிகிறதே இன்னும் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு கத்திரியை எடுத்துக்கொண்டு பையை வராந்தாவில் வைக்கச் சொன்னார்கள். போனையும் அணைத்துப் பைக்குள் போடச் சொன்னார்கள். அங்கே சுவரோரமாக நாற்பது பைகள் குவிந்திருந்தன. போனை அணைப்பதற்குமுன் ஒரு தரம் வீட்டுக்குப் பேசினாள். மகள் ரூபிணி எடுத்தாள். “என்னம்மா?” “ஒண்ணுமில்ல. உள்ள போறேன்.” “சரி.” அவ்வளவுதான். அந்தச் ‘சரி’யில் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். மணி அடித்தது. பத்து. ரோஸ் நிறப் பாப்ளின் துண்டு ஒன்றும் கேள்வித்தாளும் மேசையில் வந்து விழுந்தன. ஒரு வயதுக் குழந்தையின் கவுனுக்கு மார்புப் பகுதியில் ஸ்மாக்கிங் (சுருக்கத் தையல்) செய்க. ஆறு வரிசை. கேபிள், அலை, தேன்கூடு மூன்று தையலும் வர வேண்டும். நேரம் மூன்று மணி.

மூன்று மணி நேரம் என்பது மூன்று மணி நேரம்தான், கூடவும் கூடாது குறையவும் குறையாது, ஒரு மணிக்கு முடிந்துவிடும், ஒண்ணு அஞ்சுக்குப் போன், ஒண்ணரைக்கு பஸ், இரண்டேகாலுக்குப் போடியில் வீடு. அளவுகோலை வைத்துக் கால் அங்குலத்துக்கு ஒரு புள்ளி குத்த ஆரம்பித்தாள். வரிசைக்கு எழுபது. பென்சிலை அழுத்தக்கூடாது, அழுத்தினால் கறை வெளியே தெரியும். ஒண்ணு, ரெண்டு, மூணு. காலையில் ரூபிணி இட்லி ரெண்டு தின்றாள். ரெண்டா, ஒன்றரையா? தட்டைக் கழுவும்போது ஒரு துண்டு கிடந்ததே. பதினாலு, பதினஞ்சு. ஆனால் தானாகவே எடுத்து வைத்துத் தின்றாள், அது நல்லதுதானே. தலையும் சீவியிருந்தாள். எட்டு நாளில் இன்றைக்குத்தான் தலை சீவினாள். அது நல்லதா? நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தால்தான் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாரா, இல்லை, வேறு யாராவது சொன்னார்களா, எங்கேயாவது படித்ததா? பென்சில் நின்றுவிட்டது. எத்தனையில் விட்டாள்? மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இருபத்தொண்ணு. தலை ஏன் சீவினாள்? யாருக்காகச் சீவினாள்? அம்மா நிம்மதியாகப் போகட்டும் என்று சீவியிருப்பாள். அம்மா போகட்டும் என்று. அம்மா போகட்டும். இருபத்திரண்டு.

இன்றைக்கு வீட்டில் கோமதி இருந்திருக்க வேண்டும். கோமதி தவமணியின் நாத்தனார். உத்தமபாளையத்தில் கட்டிக்கொடுத்தது. நடந்தது என்ன என்று முழுசாகத் தெரிந்தது அவளுக்கும், ரூபிணியின் அப்பா பால்ச்சாமிக்கும் மட்டும்தான். பால்ச்சாமிக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. திங்கட்கிழமை விடியக்காலம் ஜீப்பில் மலையேறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். மேலே சிக்னலும் கிடையாது. நடந்தது கேட்டு ஓடி வந்தவர் அஞ்சு நாள் மகள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே இருந்தார். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். ஏம்ப்பா என்று அவள் கேட்டதற்குத் துருப்பிடிச்சிருச்சு என்றார். போன திங்கட்கிழமை விடியற்காலை பார்த்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி நிற்கிறார். ‘எம்மனசு தாங்கல தவமணி, அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு சும்மா உக்கார என்னால முடியல.’ என்னால் மட்டும் முடிகிறதாக்கும். கோமதி வருகிறேன் என்று அடித்துச் சொன்னாள். இன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் போன் வந்தது. “மதினி, எங்க மாமனாரு குளிக்கப் போன எடத்துல வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்புல அடி. நான் எப்படி மதினி கெளம்புவேன்?” அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. ஆனாலும் அந்தக் கிழவர்மேல் வந்த ஆத்திரம் இன்னும் போகவில்லை. முகம் தெரிந்த மனுஷர்தான். ரூபிணியின் காதுகுத்துக்கு வந்து தொட்டிலாட்டிவிட்டுப் போனவர். அவர் விழுந்ததில் தவமணிக்கு வந்தது கோபம். மனுஷியா நான்?

அப்போதே சேலையை மாற்றிவிட்டு, போகவில்லை என்று உட்கார்ந்துவிட்டாள். பரீட்சைதானே, போகட்டும். ஆனால் இந்த மேல்நிலைச் சான்றிதழ் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக முடியாது. பதினோரு வருஷமாகத் தையல் வகுப்பு ஒன்றில் உதவிக்கு இருந்து, அடுத்தவள் டீச்சர் என்று கையெழுத்துப் போட, இவள் கற்றுக்கொடுக்கிறாள். இந்தத் தரம் விட்டால் வயசு மனசு இரண்டும் மறுபடி கூடி வராது. எல்லாம் தெரிந்துதான் உட்கார்ந்தாள். ரூபிணி வந்து எதிரே நின்றாள்.

“ஏம்மா கெளம்பல?”

“அத்தை வரலயாம். நான் போகல.”

“நீ போ.”

“இருக்கட்டும் புள்ள. அடுத்த வருசம் எழுதிக்கிறேன்.”

“நீ போகலன்னா அதுக்கும் நாந்தான் காரணம்னு ஆயிரும். போம்மா. தயவுசெஞ்சு போ.”

தயவுசெஞ்சு என்கிற சொல்லை அந்தப் பிள்ளை வீட்டில் சொல்லி இவள் கேட்டதில்லை. அதில்தான் எழுந்துகொண்டாள். எழுந்திருக்கக்கூடாது. அந்த இடத்தில்தான் தப்பு. நாலாவது வரிசைப் புள்ளி கோணலாகப் போனது. அழித்துவிட்டு மறுபடி குத்தினாள்.

ஊசியில் நூல் கோர்த்தாள். இனி ஒவ்வொரு புள்ளியிலும் துணியை ஓர் இழை அளவுக்குக் கவ்வி, கவ்வி, வரிசை முழுக்க நூலோட்ட வேண்டும். ஆறு வரிசைக்கும் ஆறு நூல். அப்புறம் ஆறையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் பதினெட்டு அங்குலத் துணி ஆறு அங்குலமாகச் சுருங்கிவிடும், மடிப்பு மடிப்பாக. கேள்வித்தாளில் அதைச் சுருக்கு நூல் என்று போட்டிருந்தார்கள். அந்த முதல் வார்த்தையில் கண் போய் நின்றது. தையற்காரர்கள் காலங்காலமாகச் சொல்கிற வார்த்தைதான், பதினோரு வருஷமாகத் தன் வாயாலேயே தினம் பத்துத் தரம் சொன்ன வார்த்தைதான். கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்து வைத்தாலும் அது அங்கேதான் இருந்தது. ஊசி ஏறி இறங்கியது. பாண்டியம்மாக்கா பார்த்துக்கொள்வார். எதிர்வீடுதானே. கூப்பிட்டால் கேட்கும் தூரம். கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் வந்தாள். “அக்கா, நான் தேனிக்குப் போறேன். புள்ள தனியா இருக்கா. கொஞ்சம் எட்டிப் பாத்துக்கங்க.” “அதுக்கென்ன, போயிட்டு வா. வயித்துவலி தேவலையா அவளுக்கு?” “தேவலக்கா.”

வயிற்றுவலி. தெருவுக்கே அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். ஓட்டலில் வாங்கித் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றுவலி, வாந்தி, மூன்று நாள் பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து ஓட்டல்காரனைத் திட்டிவிட்டுப் போனார்கள். பாவம், எந்த ஓட்டல்காரனோ. ஒரு வயிற்றுவலிக்காரியை எத்தனை தரம் எட்டிப் பார்ப்பார்கள்? ஒரு தரம். வாசலில் நின்று ‘என்னத்தா பண்ற?’ என்பார். ‘படுத்திருக்கேன் பெரியம்மா’ என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். அது போதும் அவருக்கு. வேறு என்ன செய்வார்? அவருக்கு என்ன தெரியும்? வாய் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனுஷி இன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர்தான். அது தெரிந்தும் சொல்லவில்லை. நாளைக்கு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து தெருவில் விசாரித்தால் என்று ஒரு நினைப்பு. இருக்கிற பிள்ளை இருப்பாளா என்று தெரியாதபோது வராத மாப்பிள்ளைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாள். ஊசி விரலில் ஏறியது. ரத்தம் துணியில் பட்டுவிடாமல் விரலை வாயில் வைத்தாள்.

அந்தப் புதன்கிழமை கரண்ட் போனது. அதுதான். அதை மட்டும்தான் யோசிக்கக்கூடாது. தையல் வகுப்பில் மூன்று மணிக்குக் கரண்ட் போய், மிஷின் எல்லாம் நின்று, சாயங்காலம்தான் வரும் என்று சொன்னதால் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில் கத்தரிக்காய்கூட வாங்கினாள். கால் கிலோ போதுமா அரைக் கிலோவா என்று நின்று பேரம் பேசினாள். அந்தப் பேச்சு எத்தனை நிமிஷம்? வீட்டுக்கு வந்தால் ரூபிணி படுத்திருந்தாள். படுத்திருக்கிற பிள்ளையைப் பார்த்து இவள் சொன்ன முதல் வார்த்தை, ‘என்னேரமும் படுத்தேதான் கெடப்பியா, எந்திரி.’ பிள்ளை எழவில்லை. பிறகுதான் தரையில் கிடந்த காலி அட்டை கண்ணில் பட்டது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் அஞ்சரைக்கு வந்திருப்பாள். அஞ்சரைக்கு. ஏதோ ஒரு டிரான்ஸ்பார்மரில் ஏதோ ஒரு பழுது, அதனால் பிள்ளை இருக்கிறாள். இவள் பெற்றதால் இல்லை, வளர்த்ததால் இல்லை, கவனித்ததால் இல்லவே இல்லை. எட்டு மாசமாகப் பிள்ளை சிரிக்கவில்லை, காலேஜிலிருந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாலும் தட்டில் அளைந்துவிட்டு எழுந்துபோனாள். இதையெல்லாம் இவள் கண்ணால் பார்த்தாள். பார்த்துவிட்டு என்ன செய்தாள்? ஏசினாள். போனைப் பிடுங்கி வைத்தாள். ‘ஒனக்கென்ன கொறச்சல்?’ என்று கேட்டாள். ஒனக்கென்ன கொறச்சல். ஒனக்கென்ன கொறச்சல். மூன்றாவது நூல் முடிந்தது. நாலாவது.

காரணம் கேட்டுத் துருவாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். சின்ன வயசு, கழுத்தில் ஐடி கார்டு, நிதானமான பேச்சு. ‘காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய்தாம்மா. மருந்து இருக்கு, சரியாகும். ஒரு மாசத்துக்குத் தனியா விடாதீங்க. திங்கக்கிழமை மறுபடி கூட்டிட்டு வாங்க.’ தவமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்து தினமும் துருவினாள். பரீட்சையில் பெயிலா? எவனாவது ஏதாவது சொன்னானா? யாராவது மிரட்டுகிறார்களா? அப்பாவா? நானா? ‘காரணம்னு ஒண்ணும் இல்லம்மா, இருந்தா சொல்ல மாட்டனா’ என்றாள் பிள்ளை. காரணம் ஒன்று இருந்தால் அதைப் போய் மிதித்து நசுக்கிவிட்டு வரலாம். ஒன்றும் இல்லை என்றால் எதைப் போய் மிதிப்பது? திங்கட்கிழமை வந்தது. ‘நான் வரல, எனக்கென்ன பைத்தியமா?’ என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தவமணி அதற்குமேல் வற்புறுத்தவில்லை. ஏன் வற்புறுத்தவில்லை? இதை யோசிக்காமல் அஞ்சாவது நூலைக் கோர்க்கப் பார்த்தாள். நூல் ஊசிக்காதுக்குள் போகவில்லை. ஏன் என்றால், அந்த மனநல ஓ.பி. வரிசையில் நின்றால் போடிக்காரர்கள் எவராவது பார்ப்பார்கள். பிள்ளை வரமாட்டேன் என்றதும் இவளுக்கு உள்ளூர ஆசுவாசமாக இருந்தது. ஆசுவாசம். அதுதான் நிஜம். நூல் நுனியை எச்சில் தொட்டுத் திரித்தாள். போனது.

“அக்கா... அக்கா...” பக்கத்து மேசைப் பெண் கிசுகிசுத்தாள். இருபது வயசிருக்கும். இழுத்த இழுப்பில் நூல் அறுந்து மடிப்பெல்லாம் பிரிந்து கிடந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. “ஒத்த நூல்ல ஓட்டிட்ட. ரெட்டையா போடு. மெதுவா இழு” என்றாள் தவமணி, உதடு அசையாமல். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தப் பெண் தலையாட்டினாள். ஒரு நூல் அறுந்ததற்கு இப்படி அழத் தெரிகிறது இவளுக்கு. ரூபிணி ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதும் அழவில்லை. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினபோதும் அழவில்லை. ஒரு சொட்டு அழுதிருந்தால் தேவலையே. இந்தப் பெண்ணின் அம்மாவை நினைத்துப் பொறாமையாக இருந்தது.

மணி பதினொன்றே கால். ஆறு நூலையும் சேர்த்துப் பிடித்தாள். துணியை இடது கையால் தள்ளித் தள்ளி, வலது கையால் இழுத்தாள். பாப்ளின் சுருங்கிக்கொண்டே வந்தது. குழல் குழலாக மடிப்புகள் எழுந்து ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன. நூல் முனைகளைக் குண்டூசியில் சுற்றிக் கட்டினாள். பெருவிரலால் ஒரு தரம் நீவிவிட்டாள். ரூபிணியின் முதல் பிறந்தநாளுக்கு மஞ்சள் துணியில் இப்படி ஒரு கவுன் தைத்தாள். நெஞ்சில் எட்டு வரிசை. அதைப் போட்டால் பிள்ளை குனிந்து தன் நெஞ்சிலேயே விரலை வைத்து டர்ர்ர் என்று இழுத்து விளையாடும். மூச்சு இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதைத்தான் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரியும் பார்த்தாள், போர்வைக்கடியில் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏறுகிறதா. வீட்டுக்கு வந்தும் அதைத்தான் பார்க்கிறாள். தூங்குகிற பிள்ளைக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நேற்று ரூபிணி கண்ணைத் திறந்துவிட்டாள். ‘இருக்கேம்மா’ என்றாள். மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

கேபிள் வரிசை. ஒரு மடிப்புக்கு நூல் மேலே, அடுத்த மடிப்புக்கு நூல் கீழே. கை தானாகவே போனது. கைக்கு ஒன்றும் தெரியாது, நல்ல கை. முதல் வரிசை முடிந்தது. அலைத் தையல், ரெண்டாவது வரிசை. மேலே ஏறி, கீழே இறங்கி. இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள்? டிவி பார்க்கலாம். தூங்கலாம். தூங்கினால் நல்லது. தூங்கினால் நல்லதா? பதினோரு மணிக்குப் பாண்டியம்மாக்கா ஒரு தரம் எட்டிப் பார்த்திருப்பார். பதினோரு மணிக்கு. இன்றைக்கு என்ன கிழமை? வியாழன். போன வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. ஆறு நாளைக்கு ஒரு தரம். வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஆறு. இன்றைக்குத் தண்ணீர். பதினோரு மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் விடுவார்கள், ஒரு மணி வரைக்கும் ஒரு பொம்பிளையும் குழாயை விட்டு நகரமாட்டாள், பாண்டியம்மாக்கா பதினெட்டுக் குடம் பிடிப்பார், குழாய் தெருக்கோடியில், அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசல்கூடத் தெரியாது. யாரும் இல்லை. யாருமே இல்லை. இரண்டு மணி நேரம் அந்தத் தெருவில் யாருமே இல்லை. பிள்ளைக்கும் அது தெரியும்.

இல்லை, பிள்ளை அப்படி நினைக்கமாட்டாள். சத்தியம் வாங்கியிருக்கிறாளே. தலைமேல் கை வைத்துச் சத்தியம் செய் என்று இவள் அழுது புரண்டு வாங்கியது. எந்தக் கையால் செய்தாள்? சத்தியம் செய்தவர்கள் எல்லாம்... மூன்றாவது வரிசை, தேன்கூடு. இரண்டு மடிப்பைச் சேர்த்து ஒரு தையல், ஊசியை மடிப்புக்குள்ளேயே விட்டுக் கீழே கொண்டுபோய், அடுத்த மடிப்போடு சேர்த்து இன்னொரு தையல். அறை அறையாக விழும். விழுந்தது. அழகாகத்தான் விழுந்தது. மேற்பார்வை டீச்சர் நின்று பார்த்துவிட்டு, “நல்ல கைம்மா ஒங்களுக்கு. ஒரே சீரா இருக்கு” என்றார். தவமணி அவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொண்ணு ஐம்பது. இன்னும் எழுபது நிமிஷம். எழுபது நிமிஷத்தில் மூன்றரை வரிசை, முடித்துவிடலாம். எழுபது நிமிஷத்தில் வேறு என்னென்னவும் முடிந்துவிடும்.

அப்போது தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி தடதடவென்று மெதுவாகி நின்றது. குழல்விளக்கு அணைந்தது. ‘ப்ச்’ என்று ஹாலே உச்சுக்கொட்டியது. ஜன்னல் வெளிச்சத்தில் எல்லோரும் குனிந்து மறுபடி தைக்க ஆரம்பித்தார்கள். கரண்ட் போச்சு. கரண்ட் போச்சு. தவமணி எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலி பின்னால் சரிந்து விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது.

“என்னம்மா? மயக்கமா?” டீச்சர் ஓடி வந்தார்.

“நான் போகணும் டீச்சர்.”

“போகணும்னா? இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. பாதிதான் ஆயிருக்கு.”

“போகணும்.”

“வெளிய போனா திரும்ப உள்ள விட முடியாதும்மா. நல்லா வந்துக்கிட்டு இருக்கு, ஏன் கெடுத்துக்கிறீங்க? தண்ணி குடிங்க, உக்காருங்க.”

“எம்மக வீட்ல தனியா இருக்கா டீச்சர்.”

“எத்தன வயசு?”

“பதினெட்டு.”

டீச்சரின் முகத்தில், பதினெட்டு வயசுப் பெண் தனியாக இருந்தால் என்ன என்கிற கேள்வி வந்தது. பிறகு தவமணியின் முகத்தை உற்றுப் பார்த்தார். கேட்கவில்லை. துணியை அப்படியே வாங்கிக்கொண்டு, “இந்த எடத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க” என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். ஊசி துணியிலேயே குத்தி நின்றது.

வராந்தாவில் பைக் குவியலைக் கலைத்துத் தன் பையைத் தேடி எடுத்தாள். போன் உயிர் பெறுவதற்குள் நாலு தரம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். ரூபிணியின் எண். மணி போகிறது. போகிறது. போய்க்கொண்டே இருந்து நின்றது. மறுபடி. நின்றது. பாண்டியம்மாக்கா. குழாயடிக்குப் போனைக் கொண்டுபோக மாட்டார். ஆனால் எடுத்துவிட்டார், பின்னால் குடங்கள் மோதும் சத்தம்.

“அக்கா, புள்ளயப் பாத்தீங்களா?”

“இல்லத்தா, தண்ணி வந்துருச்சு, அப்பறமா...”

“இப்பப் போங்கக்கா. ஓடுங்க. குடத்தப் போட்டுட்டு ஓடுங்க.”

“ஏன், என்ன...”

“அவளுக்கு வயித்துவலி இல்லக்கா. மாத்திரையப் போட்டுக்கிட்டா. சாகப் பாத்தா. ஓடுங்கக்கா!”

வராந்தாவில் இருந்த ப்யூன் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். அந்தப் பக்கம் ஒரு குடம் உருள்வதும், பாண்டியம்மாக்காவின் இரைப்பும், செருப்பில்லாத கால்கள் ஓடுவதும் காதில் விழுந்தன. தவமணியும் மைதானத்தில் இறங்கி ஓடினாள், போனைக் காதிலிருந்து எடுக்காமல். வெயில் மண்டையைப் பிளந்தது. மைதானம் முடிவேனா என்றது. ஒரு கதவு கிறீச்சிட்டது. “ரூபி! ஏத்தா ரூபி!” என்று போனுக்குள் அந்தக் குரல் அறை அறையாகப் போனது. அடுப்படி. குளியலறை. பின்கட்டு. பிறகு மூச்சு வாங்க, “தவமணி... கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. அவ போனு கட்டில்ல கெடக்கு. புள்ளயக் காணோம்த்தா.”

போடியில் கிணறுகள் எத்தனை. ஆறு இருக்கிறது. அணை இருக்கிறது. ரயில் இப்போது ஓடுகிறது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன, ஒவ்வொன்றிலும் மகள் இருந்தாள். கால்கள் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தாள், ஆனால் கேட்டுக்குப் பத்தடி தூரத்தில் நின்றுவிட்டிருந்தாள். ஒரு அடி வைத்தால் நடந்தது நடந்ததாகிவிடும் என்கிற மாதிரி நின்றாள். வாயிலிருந்து வந்த சத்தம் தன்னுடையது என்று தெரியவில்லை.

“அம்மா.”

கேட்டுக்கு உள்பக்கம், வாட்ச்மேன் கூண்டை ஒட்டிய சிமெண்ட் பெஞ்சில் ரூபிணி உட்கார்ந்திருந்தாள். காலையில் போட்டிருந்த அதே பச்சைச் சுடிதார். வாட்ச்மேன் எழுந்து வந்தார். “ஒங்க பொண்ணாம்மா? பதினோரு மணிக்கெல்லாம் வந்துருச்சு. பரீட்சை முடியாம உள்ள விடமாட்டாங்கன்னேன். இங்கனயே உக்காந்துக்கிர்றேன்னுச்சு. தண்ணி குடுத்தேன், வேணாம்னுருச்சு.”

தவமணி போய் மகளின் தோளைத் தொட்டாள். முகத்தைத் தொட்டாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவளை ஒட்டிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. “இருக்காக்கா. இங்கதான் இருக்கா. எங்கூடத்தான்” என்றாள். அந்தப் பக்கம் பாண்டியம்மாக்கா ஓவென்று அழுகிற சத்தம் கேட்டது. தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“நீ ஏன் அதுக்குள்ள வந்த? ஒரு மணிக்குத்தான முடியும்?” என்றாள் ரூபிணி.

“பாதியில வந்துட்டேன்.”

“என்னாலயா?”

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எட்டு நாளாகச் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது. “ஆமா புள்ள” என்றாள். “பயந்துட்டேன்.”

ரூபிணி கேட்டுக்கு வெளியே போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு கோணியது. “நானும் பயந்துட்டேன். நீ போன வச்ச அஞ்சு நிமிசத்துல. வீட்ல யாருமே இல்ல. நான் மட்டும் இருந்தேன். எனக்கு என்னயப் பாத்தே பயமா இருந்துச்சும்மா. எது மேலயாவது கைய வச்சிருவேனோன்னு கதவத் தொறந்துக்கிட்டு ஓடியாந்து பஸ் ஏறிட்டேன்.” சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் உடைந்தது. எட்டு மாசமாக எங்கே வைத்திருந்தாளோ, அத்தனையும் வந்தது. வாய்விட்டு, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளையில் விழுந்து எழுந்து அழுவாளே, அந்த மாதிரி அழுதாள். தவமணி அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. ஏன் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினாள். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைத் திறந்து வைத்தார்.

வெளியே ஓர் ஆட்டோ நின்றிருந்தது. தவமணி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். எங்கே என்று யோசிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டாக இருக்கும், வீடாக இருக்கும். “எங்கம்மா போகணும்?” என்று திரும்பிப் பார்த்தார் ஆட்டோக்காரர். தவமணி வாய் திறப்பதற்குள், புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே ரூபிணி சொன்னாள்:

“பெரியாஸ்பத்திரிக்கு அண்ணே. ஒரு மணிக்குள்ள போகணும். ஓ.பி. மூடிருவாங்க.”